பூச்சி மாத்திரை

குழம்புச் சட்டி துலங்கி ரொம்ப நேரமாயிற்று. சுகந்திதான் அதை விடுவதாக இல்லை. தேங்காய் நாரில் சோப்பைத் தொட்டுத் தொட்டு, இல்லாத கரியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கொல்லைக் குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிற வரைக்கும் அவளை யாரும் எதுவும் கேட்க முடியாது. பாத்திரம் துலக்குகிறவளை எழுப்பிவிட்டால் அந்த வேலையை யார் செய்வது? உள்ளே, நடு அறையில், அவள் புருஷன் வீரக்குமார் படுத்திருந்தான். மஸ்கட்டில் ஏசி குழாய் மாட்டுகிற வேலை. போன வருஷம் சித்திரையில் வந்து போனவன், இந்த ஆவணியில், இன்றைக்குக் காலையில்தான் வந்து இறங்கியிருக்கிறான். பெட்டியைப் பிரிக்கும்போது சுற்றி உட்கார்ந்திருந்த சொந்தபந்தமெல்லாம் தைலமும் சோப்பும் பிஸ்தாவும் வாங்கிக்கொண்டு, மீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, யாரோ மணி அடித்த மாதிரி கலைந்து போய்விட்டார்கள். அதையெல்லாம் யாரும் சொல்லித் தருவதில்லை. வெளிநாட்டுக்காரன் வந்த அன்றைக்கு மத்தியானம் அந்த வீட்டில் ஈ காக்கை இருக்கக் கூடாது என்பது ஊருக்கே தெரியும். கடைசியாகக் கிளம்பினது மாமியார். "மக வீட்டுல இந்த மிட்டாயக் குடுத்துட்டு வந்துர்றேன், சாயங்காலம் ஆவும்" என்று மருமகள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அந்த மகள் காலையிலிருந்து இங்கேதான் இருந்தாள், மிட்டாயையும் வாங்கிக்கொண்டுதான் போனாள். போகிறதுக்கு முன்னால் கட்டிலில் புது விரிப்பை மாமியாரே விரித்துவிட்டுப் போனாள், நீலத்தில் பெரிய பெரிய ரோஜாப்பூ போட்டது, மகன் கொண்டுவந்தது. அதைப் பார்த்ததும் சுகந்தி எச்சில் பாத்திரத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு கொல்லைக்கு வந்துவிட்டாள். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்தில். அவர்கள் வருகிற வரைக்கும் இந்த வீட்டில் இரண்டே பேர், அதில் ஒருத்தி பாத்திரம் துலக்குகிறாள்.

சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சோற்றுப் பானையை இழுத்தாள். எப்படித் தொடங்குவது. ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அப்படித் தொடங்கினால் பணம் கேட்கப் போகிறாள் என்றுதான் நினைப்பான். ஏங்க, எனக்குப் போன வருஷம் ஒடம்பு சரியில்லாமப் போச்சு. அதற்கு அவன், அதான் சரியாப் போச்சே என்பான். ஏங்க, நீங்களும் டாக்டரப் பாக்கணும். எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன் என்பான். ஆமாம், குத்துக்கல்லாட்டம்தான் இருக்கிறான். காலையில் காரை விட்டு இறங்கினபோது இன்னும் கொஞ்சம் கறுத்து, காதோரம் கொஞ்சம் நரைத்து, சிரிக்கும்போது அந்தப் பழைய கடவாய்ப் பல் தெரிய, பார்த்த மாத்திரத்தில் அவளுக்கே உடம்பு சிலிர்த்துப் போயிற்று. அதுதான் அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல். இவ்வளவு நடந்த பிறகும் அவன் காப்பித் தம்ளரை வாங்கும்போது விரலோடு விரலைப் பிடித்து ஒரு நொடி வைத்திருந்ததை நினைத்தால் காது மடல் சுடுகிறது. தலையில் மல்லிகைப்பூ வைத்திருக்கிறாள். யார் வைக்கச் சொன்னது? யாரும் சொல்லவில்லை. விடியக்காலையில் எழுந்து, தானே தொடுத்து, தானே வைத்துக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லப் போகிறவள் பூ எதற்கு வைத்தாளாம்? வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மட்டும் ஆசையா என்ன.

உள்ளே அவன் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருக்கிறான். யாரோ கத்துகிற சத்தம், பிறகு கூட்டமாகச் சிரிக்கிற சத்தம், நடுநடுவே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டொக்’ என்று ஒரு தட்டு. போன் சத்தம் கேட்கிற வரைக்கும் நல்லது. அவன் நினைப்பு போனில் இருக்கிறது என்று அர்த்தம். பானையின் கழுத்தைச் சுற்றித் தேய்த்தாள். அந்த வலி முதலில் வந்ததும் இதே இடத்தில்தான், இதே மாதிரி குனிந்திருக்கும்போது. அவன் விமானம் ஏறிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அடிவயிற்றில் ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி ஒரு முறுக்கு. வெயில் சூடு என்று நினைத்து மோர் குடித்தாள், வெந்தயம் விழுங்கினாள். வெள்ளை பட ஆரம்பித்தது. அதற்கும் சூடு என்றே பெயர் வைத்து, உள்பாவாடையைத் தனியாகத் துவைத்து, மாமியார் கண்ணில் படாமல் கொல்லைப் பூவரசுக்குப் பின்னால் காயப்போட்டாள். நாற்றம் வந்தது. தன் உடம்பிலிருந்து வருகிற நாற்றத்தை நினைத்து, பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்கார்ந்தால் ஒடுங்கிக்கொண்டாள். பக்கத்து ஊர் டாக்டரம்மாவிடம் போகலாம். ஆனால் அங்கே கம்பவுண்டராக இருப்பது சின்ன நாத்தனாரின் கொழுந்தன். இந்தப் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அங்கே ஒரு சொந்தக்காரன் உட்கார்ந்திருப்பான். கடைசியில் கண் சரியாகத் தெரியவில்லை என்று பொய் சொல்லித் தஞ்சாவூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வந்ததும் மாமியார், "கண்ணாடி குடுக்கலியா?" என்று கேட்டாள். "தேவைப்படாதாம்" என்றாள் சுகந்தி. அன்றைக்குச் சொன்னதில் அது ஒன்றுதான் பாதியாவது உண்மை, கண் நன்றாகத்தான் தெரிந்தது, தெரியாததெல்லாம் தெரிந்துவிட்டது.

அங்கே ஜெசிந்தா என்று ஓர் ஆலோசகர். ஒல்லியாக, சேலைத் தலைப்பைத் தோளில் ஊசி குத்தி, கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியை அவள் பக்கத்திலேயே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இது ஒடம்பு சூடு இல்ல சுகந்தி. கிருமி. ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்கு ஒட்டுறது. சேரும்போது ஒட்டுறது." சுகந்தி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே பஸ் ஸ்டாண்டில் கட்டணக் கழிப்பறைக்குப் போனேன், அதிலே ஒட்டியிருக்குமா என்று கேட்டாள். ஜெசிந்தா உடனே இல்லை என்று சொல்லவில்லை. அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்துத்தான் தலையை ஆட்டினாள். அந்தக் கொஞ்ச நேரத்தை சுகந்தி இன்னும் மன்னிக்கவில்லை, மறக்கவும் இல்லை. ரத்தம் எடுத்தார்கள். பெரிய வியாதி எதுவும் இல்லை என்று சொன்னார்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் நின்று எந்தச் சாமி என்று இல்லாமல் எல்லாச் சாமியையும் கும்பிட்டாள். ஆனால் இருக்கிற கிருமிக்கு மாத்திரை போட்டாக வேண்டும், அவள் மட்டும் போட்டால் போதாது. "உங்க வீட்டுக்காரரும் போடணும். ஆம்பளைங்க பல பேருக்கு வெளியில ஒண்ணுமே தெரியாதும்மா, ஆனா உள்ள இருக்கும். அவரு போடாம வந்து உங்களோட சேந்தா உங்களுக்குத் திரும்பவும் வரும். அப்படித் திரும்பத் திரும்ப வந்தா உள்ள கர்ப்பப்பை வரைக்கும் புண்ணாயிரும். அவரு ஊருக்கு வந்ததும் நேரா இங்க கூட்டிட்டு வாங்க. பாத்து முடிக்கிற வரைக்கும் ஆணுறை இல்லாம சேரக் கூடாது. எங்க, நீங்க ஒரு தடவை சொல்லுங்க பாப்போம். அவருகிட்ட எப்படிக் கேப்பீங்க?" சுகந்தி வாயைத் திறந்தாள். அந்தச் சொல் வரவில்லை. சுவரில் எழுதியிருக்கிறது, பஸ்ஸில் எழுதியிருக்கிறது, படிக்கத் தெரிந்த நாளிலிருந்து படித்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்ட சொல். "அது இல்லாம வேணாம்" என்றாள். "எது இல்லாம?" என்றாள் ஜெசிந்தா. "அதான்" என்றாள் சுகந்தி. இரண்டு பேருக்குமே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகும் சொல் வரவில்லை.

பானை முடிந்தது. தோசைக் கல்லை எடுத்தாள். தோசைக் கல்லை யாராவது சோப்புப் போட்டுக் கழுவுவார்களா? நாளைக்குக் காலையில் தோசை பிய்த்துக்கொண்டு வரும். வரட்டும். இன்றைக்குத் தோசைக் கல்லும் துலங்கட்டும். அவனுக்கு என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை வைத்து அவள் செய்த காரியத்தை நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. ஜெசிந்தா, "போன்ல வெவரமாச் சொல்லி, யாராவது போறவங்ககிட்டக் குடுத்து விடுங்க" என்றுதான் சொன்னாள். விவரமாகத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த ரூமில் எட்டுப் பத்துப் பேர், போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறான், பக்கத்தில் யாராவது "என்ன தங்கச்சி, சௌக்கியமா" என்கிறார்கள். இவள் எதை விவரமாகச் சொல்வாள்? மேலத் தெரு ஆள் ஒருத்தர் மஸ்கட் கிளம்பினபோது, நார்த்தங்காய் ஊறுகாய், முறுக்கு, கருவாட்டுப் பொட்டலத்தோடு மாத்திரையையும் அட்டையைப் பிரித்து ஒரு மருந்து டப்பாவில் போட்டுக் கொடுத்து விட்டாள். "பூச்சி மாத்திரைங்க. இங்க எல்லாருக்கும் குடுத்தாங்க, புள்ளைங்களும் போட்டுச்சு. நீங்களும் மறக்காமப் போட்டுக்கங்க" என்று போனில் சொன்னாள். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று அன்றைக்குத் தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள். நாசூக்காக முடிந்துவிட்டது, அவனுக்கும் தலைகுனிவு இல்லை, இவளுக்கும் வாய் நோகவில்லை. பத்து நாள் கழித்து அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "ஏ புள்ள, நீ குடுத்து விட்ட பூச்சி மாத்திரைய நம்ம ரூம்ல அரியலூர்க்காரருக்குக் குடுத்துட்டேன். மனுசன் வயித்து வலின்னு சுருண்டு கெடந்தாரு. இப்ப ஜம்முனு இருக்காரு. நீ வாழ்கன்னு சொல்லச் சொன்னாரு." சுகந்தியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டு, அரிசிப் பானைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். யார் பெற்ற பிள்ளையோ, அந்த மனுஷனுக்கு அந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் ஏதாவது ஆகியிருந்தால்? அன்றைக்கு ராத்திரியெல்லாம் முன்பின் பார்த்திராத ஓர் அரியலூர்க்காரருக்காக வேண்டிக்கொண்டாள்.

அப்புறம் ஒருநாள் வேறு மாதிரி தோன்றியது. அந்த அரியலூர்க்காரருக்கும் அதே மாத்திரைதான் தேவைப்பட்டதோ? அந்த ரூமில் யார் யார் எங்கே போனார்களோ. வெள்ளிக்கிழமை லீவு. வெள்ளிக்கிழமை மட்டும் அவன் போன் சாயங்காலத்தில் எடுக்கப்படாது. தூங்கிட்டேன் புள்ள என்பான். தூங்கியும் இருக்கலாம். அங்கே வெயிலில் குழாய் தூக்கினவனுக்குத் தூக்கம் வராதா? சந்தேகப்படுவதற்கு அவளிடம் ஒரு புகைப்படம் இல்லை, ஒரு பெயர் இல்லை, வேற்று வாசனை வீசுகிற சட்டைகூட இல்லை. இருக்கிற ஒரே சாட்சி அவள் உடம்பு. அந்தச் சாட்சியையும் எதிர்க்கட்சி வக்கீல் மாதிரி திருப்பிவிட முடியும் என்பதுதான் அவளுக்கு அடிவயிற்றுப் பயம். எனக்கு ஒண்ணும் இல்லையே, ஒனக்கு எங்கேருந்துடி வந்துச்சு? இந்த ஒரு கேள்வி போதும். அவன் நல்லவன்தான், குடித்தால்கூடக் கை நீட்டாதவன், ஆனால் மாட்டிக்கொண்ட மனுஷன் எந்த வழியாக ஓடுவான் என்று யாருக்குத் தெரியும். அவன் கேட்டால் மாமியார் கேட்பாள். மாமியார் கேட்டால் நாத்தனார் கேட்பாள். வெளிநாட்டுக்காரன் பெண்டாட்டி வாசலில் யார் சைக்கிள் நின்றது என்று பார்ப்பதற்கென்றே இந்தத் தெருவில் கண்கள் உண்டு. மோட்டார் ரிப்பேர் பண்ண வந்த பையன், கேபிள்காரன், தையல் வகுப்பு மாஸ்டர் என்று ஒவ்வொருத்தனையும் இழுத்து இவள் பக்கத்தில் நிறுத்துவார்கள். கண் பார்க்கப் போனேன் என்று தஞ்சாவூருக்கு ஒரு பகல் முழுக்கப் போய் வந்தாயே, எந்தக் கண்ணை யார் பார்த்தது என்று மாமியார் அன்றைக்குக் கேட்காததை இன்றைக்குக் கேட்பாள். தோசைக் கல் கை நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்து ஊரையே எழுப்புகிற மாதிரி சத்தம் போட்டது.

"என்ன புள்ள, இன்னும் முடியலயா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கோபமில்லாத குரல். கொஞ்சம் சிரிப்பும் கொஞ்சம் கெஞ்சலும் கலந்த குரல்.

"இந்தா, ஆச்சு" என்றாள்.

"சாயங்காலம் கழுவிக்கலாம், வா."

"மீன் கவுச்சிங்க. விட்டா எறும்பு வந்துரும்."

எறும்பு வருமாம். அவளுக்கே வெட்கமாக இருந்தது. கழுவிக் கவிழ்த்த தம்ளர்களை மறுபடியும் நிமிர்த்தி, ஒவ்வொன்றாகச் சோப்புக்குள் முக்கினாள். போன் சத்தம் நின்றுவிட்டது. மின்விசிறி மட்டும் டொக், டொக். போனை வைத்துவிட்டான். இனி அவன் நினைப்பெல்லாம் இங்கேதான். பிள்ளை பெறுகிற நிலையில் இருந்தாலாவது ஒரு சாக்குச் சொல்லலாம். இப்ப குழந்தை வேணாம், கொஞ்ச நாள் போகட்டும், அதனால என்று இழுத்தால் அவனே புரிந்துகொள்வான். அதற்கும் வழி இல்லை. சின்னவன் பிறந்தபோதே ஆப்பரேஷன் செய்தாயிற்று, அவன்தான் கூடவே இருந்து கஞ்சி வைத்துக் கொடுத்தான். ஆப்பரேஷன் பண்ணினவள் உறை கேட்டால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு, உன்னை நம்பவில்லை. தீட்டு என்று சொல்லலாம், அது எத்தனை நாளைக்கு வரும்? மாலை போட்டுக்கொள்ளலாமா என்றுகூடப் போன மாதம் யோசித்தாள். சிவப்புச் சேலை, கழுத்தில் மாலை, தரையில் படுக்கை, புருஷன் கிட்டே வரக் கூடாது. மாமியாரே முன்னின்று செய்வாள், ஊரும் மெச்சும். கடைவீதியில் சேலையைக்கூட எடுத்துப் பார்த்தாள். அப்புறம் வைத்துவிட்டாள். மாலையைக் கழற்றுகிற நாளுக்குப் பிறகும் அவனுக்கு லீவு இருக்கும். அதுவுமில்லாமல், ஒரு டப்பா மாத்திரையைப் பூச்சி மாத்திரை என்று சொன்ன வாயால் சாமியையும் இதற்குள் இழுத்துவிட அவளுக்கு மனசு வரவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த பாக்கெட் பீரோவில் நாப்கின் பைக்குள் இருக்கிறது. அந்தப் பையில் மட்டும்தான் மாமியார் கை விட மாட்டாள். எடுத்து அவன் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? சொல் வேண்டாம், பொருளே பேசிக்கொள்ளட்டும். ஆனால் பொருளைப் பார்த்துவிட்டு, இது ஒங்கிட்ட எப்படி வந்துச்சு என்று கேட்டால், மறுபடியும் அந்தக் கேள்விதான். எந்தச் சந்து வழியாகப் போனாலும் அந்தக் கேள்வி வந்து குறுக்கே படுத்துக்கொள்கிறது.

சும்மா போய்விட்டால் என்ன? தண்ணீர் தம்ளரின் விளிம்பைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது, அவள் குழாயை மூடவில்லை. எத்தனையோ பேர் அப்படித்தான் போகிறார்கள். அவனும் எத்தனை நாளைக்கு இருக்கப் போகிறான். வந்த அன்றைக்கே எதற்கு முகத்தைக் கெடுக்க வேண்டும். பிள்ளைகள் அப்பா அப்பா என்று தொங்குகிறார்கள். அவன் போன பிறகு வலி வந்தால் மறுபடியும் கண்ணைக் காட்டிக்கொண்டு தஞ்சாவூருக்குப் போவோம், மாத்திரை தராமலா போவார்கள். இந்த நினைப்பு எவ்வளவு சுகமாக இருந்தது! தோளிலிருந்து ஒரு பாரம் இறங்கினது. கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, எழுந்தும்விட்டாள். எழுந்த வாக்கில் அடிவயிறு தன் பாட்டுக்கு இறுகியது. வலி இல்லை, வலியின் ஞாபகம்தான். நிமிர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்த அந்த நாட்களை உடம்பு மறக்கவில்லை. பூவரசுக்குப் பின்னால் போய்த் துணி காயப்போட்ட நாட்களை அவளும் மறக்கவில்லை. ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்றார்கள். அது போன தடவைக்கு. இந்தத் தடவைக்கு யார் பொறுப்பு? இந்த ஒரு வருஷத்தில் எத்தனை வெள்ளிக்கிழமை? மாத்திரையில் போகிற கிருமியாக மட்டும்தான் வரும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? பெரிய வியாதியாக இருந்தால் சின்னவன் தலையை யார் வாரிவிடுவார்கள்? சட்டென்று அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை நேரம் பயம் உட்கார்ந்திருந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. தப்புப் பண்ணினவன் புது விரிப்பில் கால் நீட்டிப் படுத்திருக்கிறான், ஒரு தப்பும் பண்ணாதவள் கழுவின பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு ஒளிந்திருக்கிறாள். இது என்ன நியாயம்? யாரைக் காப்பாற்றுவதற்கு இந்த மூடி மறைப்பு? கேட்கட்டும். எங்கேருந்துடி வந்துச்சுன்னு கேட்கட்டும். ரத்தம் குடுங்க, நானும் குடுக்கறேன், ஆஸ்பத்திரி சொல்லட்டும் என்று சொல்வாள். மாமியார் வரட்டும், நாத்தனார் வரட்டும், கேபிள்காரனையும் கூட்டி வந்து நிறுத்தட்டும். கத்தினால் கத்தட்டும், கை நீட்டினால் நீட்டட்டும். குழாயை மூடினாள்.

அடுக்களையைத் தாண்டி உள்ளே போனாள். அறைக் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. தள்ளினாள். வீரக்குமார் தூங்கிக்கொண்டிருந்தான். ரோஜாப்பூக்களின் மேல் மல்லாக்க, வாய் லேசாகத் திறந்து, போன் நெஞ்சின் மேல் ஏறி இறங்க, பிரயாண அலுப்பெல்லாம் சேர்ந்து அடித்துப் போட்ட மாதிரி தூங்கினான். கட்டிலில் சுவர் ஓரமாக ஒடுங்கிப் படுத்து, அவளுக்குத் தாராளமாக இடம் விட்டிருந்தான். அப்பாடா என்று இருந்தது. நிஜமாகவே அப்பாடா என்று இருந்தது, மறைப்பானேன். கதவைச் சாத்திவிட்டு வந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம். இன்னும் கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் வந்துவிடும், மாமியார் வந்துவிடுவாள், வீடு நிறைந்துவிடும். இன்றைய மத்தியானம் தப்பித்தாயிற்று. நாளைக்கு ஒரு மத்தியானம் வரும், அதற்கு முன்னால் ஒரு ராத்திரி வரும், ஒவ்வொன்றுக்கும் ஒரு பாத்திரமா துலக்க முடியும்? நிலைப்படியைப் பிடித்தபடி நின்றாள். தூங்குகிற முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. இந்த முகத்தை எழுப்பித்தான் கேட்க வேண்டுமா? ஒருவேளை ஆஸ்பத்திரியில் தப்பாகச் சொல்லியிருந்தால்? இந்த ஒருவேளையை அவள் ஒரு வருஷமாக முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள், யாருக்கும் காட்டாமல், ஜெசிந்தாவுக்கும் காட்டாமல். போய் அவன் தோளைத் தொட்டு உலுக்கினாள்.

"ம்... வந்துட்டியா" என்று கண்ணைத் திறக்காமலே அவள் மணிக்கட்டைப் பிடித்தான். ஈரக் கையின் சில்லிப்பில் சிரித்தான்.

"எந்திரிச்சு உக்காருங்க" என்றாள். "போன தடவை நீங்க போனதும் எனக்கு அடிவயிறு வலிச்சுது. நாத்தமா வெள்ளை பட்டுச்சு. யாருக்கும் சொல்லாம தஞ்சாவூர்ப் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். சேரும்போது ஒட்டுற கிருமின்னு சொன்னாங்க. நான் உங்களத் தவிர யாரையும் தொட்டதில்ல. அன்னைக்கிக் குடுத்து விட்டது பூச்சி மாத்திரை இல்லங்க, அதுக்கு உள்ள மாத்திரை. நீங்க அதையும் போடல. இப்ப நீங்க வந்து பாக்கணும், ரத்தம் குடுக்கணும். அது முடியுற வரைக்கும் ஆணுறை இல்லாம நான் ஒங்க பக்கத்துல படுக்க மாட்டேன்."

சொல்லிவிட்டாள். எங்கேயும் தடுக்காமல், மளிகைச் சாமான் சொல்கிற மாதிரி, அந்தச் சொல் உட்பட எல்லாம் வெளியே வந்து விழுந்துவிட்டது. மணிக்கட்டிலிருந்து அவன் கை கழன்றது. எழுந்து உட்கார்ந்தான். போன் நழுவி மடியில் விழுந்தது, எடுக்கவில்லை. சுகந்தி நின்றபடியே பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். கேளுங்க. எங்கேருந்துடி வந்துச்சுன்னு கேளுங்க. பதில் எல்லாம் வரிசையாக நாக்கின் நுனியில் நின்றது. அவன் அவளைப் பார்க்கவில்லை. கீழே, தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே தெருவில் யாரோ கோழியை விரட்டினார்கள். அவன் உள்ளங்கையால் முகத்தை அழுத்தித் துடைத்தான், ஒரு தடவை தொண்டையைச் செருமினான்.

"நாளைக்குத் தொறந்திருப்பாங்களா?" என்று கேட்டான்.

அவ்வளவுதான். கத்தவில்லை. என்னடி உளர்றே என்று சொல்லவில்லை. நான் அப்படிப்பட்டவனா என்று கேட்கவில்லை. அவன் கோபத்துக்குத்தான் இத்தனை மாதமாகப் பயந்துகொண்டிருந்தோம் என்று நினைத்திருந்த சுகந்திக்கு, அந்தக் கோபத்தை எவ்வளவு நம்பியிருந்தோம் என்பது இப்போதுதான் தெரிந்தது. ஓர் அறை விட்டிருக்கலாம். எந்தப் படுபாவி சொன்னான் என்று கிளம்பியிருக்கலாம். கிளம்பியிருந்தால், ஒருவேளை என்று முடிந்து வைத்ததை இன்னும் கொஞ்ச நாள் வைத்திருந்திருப்பாள்.

"தொறந்திருப்பாங்க" என்றாள். "காலையிலேயே போயிரணும். கூட்டம் வந்துரும்."

"நான் மட்டும் போயிட்டு வர்றேன். நீ எதுக்கு..."

"நானும் வரணும். ரெண்டு பேரும் சேந்துதான் வரணும்னு சொல்லியிருக்காங்க."

அவன் தலையை ஆட்டினான், கேட்டதுக்கெல்லாம் ஆட்டுகிற மாதிரி. சுகந்தி கட்டிலின் மறு ஓரத்தில், அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். வீட்டில் யாரும் இல்லை, மாமியார் வரச் சாயங்காலமாகும். வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியதில்லை என்பது நினைவுக்கு வந்ததும் சத்தம் போட்டு அழுதாள்.